ஆறாவது நட்டு

இபாரி தாண்டி, ஏற்றத்தின் நடுவில்,
என் நீவா நொண்டத் தொடங்கியது.

பெட்ரோலில் தண்ணீர் என்றேன்.
பங்க்காரனின் ஏழு தலைமுறையையும் திட்டினேன்.
குளிர் என்றேன். காயில் பழசு என்றேன்.
பக்கத்து சீட்டில் மருந்துப் பெட்டியை அணைத்தபடி
கால்நடை மருத்துவர் நாஸிப்ரோலா கேட்டாள்:
"எங்கே நோகிறதென்று
அதைத் தொட்டுப் பார்த்தாயா, பெஷ்கென்?"

மேலே ஊரில், முர்ஸகானின் பெண்குதிரை
முள்கம்பியில் தொடை கிழிந்து நிற்கிறது.
கீழே எங்குரி ஆறு,
யாருக்காகவும் நிற்காதது.

பானெட்டைத் திறந்து
ஓடும் எஞ்சினில் பிளக் வயர்களை ஒவ்வொன்றாய் உருவினேன்.
முதல் வயர்: தள்ளாடியது.
இரண்டாவது: அணையப் பார்த்தது.
மூன்றாவது வயரைப் பிடுங்கியபோது
ஒன்றுமே ஆகவில்லை,
வேலைக்கே வராதவன்
விடுப்புக் கடிதம் கொடுத்ததுபோல.

பொறி இருந்தது, நல்ல நீலத்தில்.
பிளக்கின் மூக்கில் கரியில்லை, ஈரமில்லை.
அந்த அறைக்குள் பெட்ரோலே போகவில்லை.

அவள் ஸ்டெதஸ்கோப்பை எடுத்தாள்.
குதிரை வயிற்றில் வைப்பதை
வால்வு மூடியின் மேல் வைத்தாள்.
கண்ணை மூடிக்கொண்டாள்.
"மூன்று பேர் மூச்சு விடுகிறார்கள்.
ஒருவன் உள்ளே இழுக்கவே இல்லை.
அவன் பக்கத்தில் ஏதோ தகரத்தைத் தட்டுகிறது."

அணைத்து, ஆறவிட்டு,
மூடியின் எட்டு நட்டுகளையும் கழற்றினேன்.
அவளுடைய எனாமல் தட்டில் அவை
தோட்டாக்களைப் போல உருண்டன.
உள்ளே சூடான ஆயில் வாசனை.
ஏழு ராக்கர்கள் தம்தம் இடத்தில்.
ஆறாவது இடத்தில் ஸ்பிரிங் மட்டும் விறைத்து நின்றது.
அதன் மேல் கேம், தன் அலகால்
இத்தனை மைல் வெறுங்காற்றைக் கொத்தியிருக்கிறது.

விழுந்தவன் ஆயில் குட்டையில் குப்புறக் கிடந்தான்.
இடுக்கியால் எடுத்து, துடைத்து,
வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.
"எலும்பு முறியவில்லை. மூட்டுதான் நழுவியிருக்கிறது."

ஏன் நழுவியது?
லாக் நட்டைத் தொட்டேன்.
விரலுக்கே சுழன்றது.

ஆகஸ்டில், என் முற்றத்தில்,
இந்த எட்டையும் சரிசெய்தது நான்தான்.
ஆறாவது நட்டில் ஸ்பேனர் இருந்தபோது
சுவருக்கு அப்பாலிருந்து முர்ஸகான் கத்தினான்,
தன் குதிரை என் உருளைக்கிழங்கில் இறங்கிவிட்டதென்று.
கம்போடு ஓடினேன்.
திரும்பி வந்து மூடியை மாட்டினேன்.
மறுநாள் போய் முள்கம்பி வாங்கினேன்.

"சாலையின் குலுக்கல்," என்றேன் அவளிடம்.
"குலுக்கல்," என்றாள் அவளும்.

முன்னால் கைப்பிடியைச் சொருகி
எஞ்சினை மெல்லச் சுற்றினேன்,
கேமின் அலகு வானம் பார்க்கும்வரை.
ஸ்குரூ டிரைவரை நெம்புகோலாக்கி
ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்தேன்.
மணிக்கட்டு நடுங்கியது.
கன்றின் காலைத் தேடும் அந்த விரல்கள்
ராக்கரை உள்ளே நுழைத்தன:
ஒரு முனை போல்ட்டின் உருண்டைத் தலையில்,
மறுமுனை வால்வின் உச்சியில்.
டக்.

பதின்மூன்றால் போல்ட்டைப் பிடித்து
பதினேழால் நட்டை இறுக்கினேன்.
ஃபீலர் கேஜின் தகடு, பூஜ்யம் புள்ளி ஒன்று ஐந்து,
உருவும்போது லேசாகக் கடித்தது.
கடிக்கத்தான் வேண்டும்.
மிச்சம் ஏழையும் பார்த்தேன்.
இரண்டாவதும் தளர்ந்திருந்தது.
அவள் கை கழுவும் நேரத்தில் அதை முறுக்கிவிட்டேன்.

ஸ்டார்ட் செய்ததும் மறுபடி காது வைத்தாள்.
நான்கு விரலைக் காட்டினாள்.

இருட்டிய பிறகுதான் போய்ச் சேர்ந்தோம்.
லாயத்தில் என்னை விளக்குப் பிடிக்கச் சொன்னாள்.
பதினொரு தையல்.
ஒவ்வொரு முடிச்சையும் போட்டு
ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்,
மறுபடி இழுத்துப் பார்த்தாள்.

கம்பி யாருடையது என்று
கடைசிவரை கேட்கவேயில்லை.